சொல்ல ஆள் மிஞ்சிய வீரம்: 'லீ வோ' கப்பலும் லெஃப்டினன்ட் வில்கின்சனும்

ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று மாலை 6.20 மணிக்குச் சிங்கப்பூர் முழுவதும் சங்கொலி எழுகிறது. 1942இல் பிரிட்டிஷ் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவூட்டும் அந்த ஒலி, முழுமைத் தற்காப்பு தினத்தைப் பள்ளியில் அனுசரித்து வளர்ந்த நமக்கெல்லாம் பழக்கமானது. அதற்கு முந்தைய நாளைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1942 பிப்ரவரி 14 அன்று பிற்பகல், சிங்கப்பூருக்குத் தெற்கே சுமாத்ராவை ஒட்டியுள்ள பாங்கா தீவுப் பக்கத்துக் கடலில், ஆற்றுப் பயணத்துக்கென்று கட்டப்பட்ட ஒரு சிறிய நீராவிக் கப்பல் ஜப்பானியக் கப்பற்கூட்டம் ஒன்றை நோக்கித் தானாகவே திரும்பியது. அதன் தலைவரான லெஃப்டினன்ட் தாமஸ் வில்கின்சனுக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ஆனால் அந்த அறிவிப்பு வெளிவந்தது 1946 டிசம்பரில்தான். நடுவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும் பத்து மாதங்களும் ஓடிவிட்டன. அந்தத் தாமதம் ஏன் நேர்ந்தது என்று தேடிப் போனால், வீரப் பதக்கம் என்பது உண்மையில் எதைக் கொண்டு உருவாகிறது என்பதும் தெரிய வருகிறது.

'லீ வோ' 1938இல் ஹாங்காங்கில் கட்டப்பட்ட கப்பல். சீனாவின் யாங்சி ஆற்றின் மேற்பகுதியில் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக, ஆழம் குறைந்த ஆற்று நீருக்கு ஏற்றவாறு அதை வடிவமைத்திருந்தார்கள். விருதுச் சான்றுரை அதன் எடையை ஆயிரம் டன் என்கிறது. போர் நெருங்கியதும் கடற்படை அதை எடுத்துக்கொண்டு, மேலே ஒரு 4 அங்குலப் பீரங்கியையும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் பொருத்திச் சுற்றுக்காவல் கப்பலாக மாற்றியது. வில்கின்சனும் அந்தக் கப்பலைப் போலவே வணிகக் கடலோட்டத்திலிருந்து வந்தவர். இங்கிலாந்தில் அக்காலத்து லங்காஷயர் வட்டாரத்தில் இருந்த விட்னெஸ் நகரில் 1898இல் பிறந்த அவர், சீனக் கரையோரத்தில் கப்பல் ஓட்டிப் பழகிய கப்பித்தான். வணிகக் கடலோடிகளைப் போர்க்காலத்தில் அழைத்துக்கொள்ளும் அரச கடற்படையின் சேமப் பிரிவில் லெஃப்டினன்டாகச் சேர்க்கப்பட்டவர். அன்று அவருக்கு வயது 43. அந்த வயதில் முழுநேரக் கடற்படை அதிகாரி ஒருவர் லெஃப்டினன்ட் பதவியைக் கடந்து வெகுதூரம் போயிருப்பார். கடல் அனுபவத்துக்கும் தோள்பட்டைப் பதவிக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளிதான் சேமப்பிரிவினர் யார் என்பதை நமக்குச் சொல்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, கப்பல் சிங்கப்பூரிலிருந்து பாத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை நோக்கிப் புறப்பட்டது. தீவின் பெரும்பகுதி ஏற்கெனவே ஜப்பானியர் கையில் இருந்தது. அந்தச் சில நாள்களில் கெப்பல் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்களில் தாதியர், பெண்கள், குழந்தைகள், தொழில்நுட்பப் பணியாளர், தளம் இழந்த மாலுமிகள் என்று பலதரப்பட்டோரும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறியிருந்தார்கள். அவற்றில் மிகப் பல கப்பல்கள் பாங்கா நீரிணையைத் தாண்டவே இல்லை. 'லீ வோ'வில் இருந்தவர்கள் 84 பேர். அவர்களில் ஒருவர் பொதுமக்களைச் சேர்ந்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் முன்பே மூழ்கடிக்கப்பட்ட போர்க்கப்பல்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள். தரைப்படையையும் வான்படையையும் சேர்ந்த சிலரும் இருந்தார்கள். 1941 டிசம்பர் 8 அன்று செம்பவாங்கிலிருந்து புறப்பட்ட 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களும் டிசம்பர் 10இல் குவாந்தான் கரைக்கு அப்பால் விமானத் தாக்குதலில் மூழ்கின. ஏறத்தாழ 840 பேர் மாண்டார்கள். அவற்றில் உயிர்தப்பியவர்களும் 'லீ வோ'வில் இருந்தார்கள். இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இரண்டாவது முறையாகக் காலடியில் கப்பல் நொறுங்குவதை அவர்கள் பார்க்கவேண்டியிருந்தது.

இங்கே ஒரு தேதி ஒற்றுமையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. கிழக்கில் பிரிட்டனின் கடல் வலிமைக்கு அதுவே அடையாளம் என்று கொண்டாடினார்கள். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிப்ரவரி 14 அன்று அந்தத் தளம் எதிரியின் கையில் இருந்தது. அந்த வலிமையின் பெயரால் போரிட மிஞ்சியது ஓர் ஆற்றுக் கப்பலும் பதின்மூன்று குண்டுகளும்தான்.

பதின்மூன்று என்பது பேச்சுக்குச் சொன்ன எண் அன்று. 4 அங்குலப் பீரங்கிக்கு இருந்தவை பதின்மூன்றே பதின்மூன்று குண்டுகள் என்றும், அவையும் பயிற்சிக்கு உரியவை என்றும் சான்றுரை பதிவு செய்திருக்கிறது. சிங்கப்பூரை விட்டு ஒரு நாள் ஆவதற்குள் நான்கு விமானத் தாக்குதல்களைக் கப்பல் சமாளித்திருந்தது. அவற்றுள் ஒன்றில் மட்டும் 52 விமானங்கள் வந்தன. சேதம் கணிசமாகவே இருந்தது. அந்த நிலையில், பொழுது சாயும் நேரத்தில் இரண்டு எதிரிக் கப்பற்கூட்டங்கள் கண்ணில் பட்டன. பெரிய கூட்டத்துக்குக் கனரகக் குரூசர் என்னும் பெரிய போர்க்கப்பல் ஒன்றும் சில நாசகாரிக் கப்பல்களும் காவல் வந்தன. அன்று காலைதான் ஜப்பானிய வான்குடைப் படையினர் சுமாத்ராவின் எண்ணெய் நகரான பலெம்பாங் மீது இறங்கியிருந்தார்கள். கடல்வழியாகவும் படைகள் அங்கே சென்றுகொண்டிருந்தன. வில்கின்சன் தம் ஆள்களை ஒன்றுகூட்டினார். தப்பிக்க முயல்வதைவிட அந்தக் கூட்டத்தோடு மோதி, கடைசிவரை போரிட்டு, முடிந்த அளவு சேதம் விளைவிப்பது என்று தாம் முடிவு செய்திருப்பதைச் சொன்னார். போர்க்கொடி ஏறியது. கப்பல் நேராக எதிரியை நோக்கிச் சென்றது.

பீரங்கியை இயக்கியவர்கள் தாமாக முன்வந்த ஆள்கள். அவர்கள் சுட்ட குண்டுகள் ஒரு துருப்புக் கப்பலில் பட்டு அது தீப்பற்றியது. எட்டும் தொலைவில் இருந்த கப்பல்களின் மேல்தளங்களை இயந்திரத் துப்பாக்கிகள் வாரியடித்தன. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இது நீடித்தது. குண்டுகள் தீர்ந்தன. 'லீ வோ' தண்ணீர் ஏறி மூழ்கத் தொடங்கிய பிறகு வில்கின்சன் எடுத்த முடிவு, எரிந்துகொண்டிருந்த அந்தத் துருப்புக் கப்பலின் மீதே தம் கப்பலைக் கொண்டுபோய் மோதுவது. மோதினார். பின்னர் குரூசரின் கடும் தாக்குதலுக்கு நடுவே, கப்பலைக் கைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டார். அவர் மட்டும் வெளியேறவில்லை; கப்பலோடு கடலுக்குள் போனார்.

தீப்பற்றிய துருப்புக் கப்பல் இரவெல்லாம் எரிந்தது என்று உறுதியாகவே சொல்லும் சான்றுரை, அது மூழ்கியதா என்று வரும்போது மூழ்கியிருக்கக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். இறந்தவரைப் புகழ எழுதிய உரையிலும் தெரிந்ததற்குமேல் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. போரின் போக்கை அந்த மோதல் மாற்றியது என்றும் அதில் எங்கும் இல்லை. பலெம்பாங் அடுத்த சில நாள்களில் வீழ்ந்தது. பதக்கம் அளக்கிற பொருள் விளைவன்று, தெரிந்தே எடுத்த முடிவு. தம் கப்பல் அழிவது உறுதி என்றும் தாம் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றும் அறிந்தே வில்கின்சன் முடிவெடுத்தார் என்பதுதான் அந்த உரையின் மையம்.

84 பேரின் உயிரை ஒருவர் தீர்மானித்தது நியாயமா என்ற கேள்வி இதைப் படிக்கிற யாருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. கப்பலில் இருந்த அனைவரும் உறுதியோடு ஆதரித்தார்கள் என்கிறது சான்றுரை. மேல்தளத்தில் தலைவர் எதிரே நிற்கும்போது மறுத்துப் பேச யாருக்குத்தான் வாய் வரும் என்று ஐயப்படலாம். ஆனால் அந்தச் செய்தி வில்கின்சன் எழுதி வைத்துவிட்டுப் போனது அன்று. அதைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை. சொன்னவர்கள் அவருடைய முடிவின் விலையைத் தம் உடம்பில் கொடுத்தவர்கள்.

தாமதத்தின் காரணமும் அதுவே. கப்பலில் இருந்தவர்களில் மிகச் சிலரே உயிர்தப்பினார்கள். கரை சேர்ந்தவர்கள் ஜப்பானியரின் கைதிகளாகி, மூன்றரை ஆண்டுகளை முகாம்களில் கழித்தார்கள். 1945 செப்டம்பர் வரை 'லீ வோ'வுக்கு என்ன ஆனது என்பதை லண்டனுக்குச் சொல்ல வெளியே ஆளே இல்லை. கப்பலின் பதிவேடு கடலுக்கடியில் கிடந்தது. கண்ணால் கண்டவர்கள் விடுதலையாகி, தேறி, சொன்னதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அரசிதழில் ஒரு பத்தி எழுத முடிந்தது. அதே கடலில், அதே பிப்ரவரி 14 அன்று மூழ்கிய 'வைனர் புரூக்' கப்பலின் கதையும் இப்படித்தான் வந்தது. அதிலிருந்து பாங்கா தீவின் கரைக்கு வந்த ஆஸ்திரேலியத் தாதியர் 22 பேரை இரண்டு நாள் கழித்துக் கடலுக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து சுட்டார்கள். குண்டு பட்டும் உயிர்பிழைத்த விவியன் புல்விங்கல் என்ற ஒருவர் கைதி முகாமில் அந்த இரகசியத்தை மூன்றரை ஆண்டுகள் காத்து, பின்னர் தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார். அவரும் அன்று இறந்திருந்தால் 22 பேரும் கடலில் காணாமற்போனவர்கள் என்ற பட்டியலில் அடங்கியிருப்பார்கள்.

'லீ வோ'வுக்குக் கிடைத்த விருதுகளின் அமைப்பையும் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். வில்கின்சனுக்கு விக்டோரியா கிராஸ்; பிழைத்த இளம் அதிகாரி ரொனால்ட் ஸ்டான்டனுக்குச் சிறப்புமிகு சேவை ஆணை; பீரங்கியில் நின்று பிழைத்த மாலுமிகளுக்கு அவரவர் தகுதிக்குரிய வீரப் பதக்கங்கள்; மாண்டவர்களில் சிலருக்குப் போர் அறிக்கையில் பெயர்க் குறிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால், உயிர் கொடுத்தவருக்கு ஒரு குறிப்பும் உயிர்பிழைத்தவருக்குப் பதக்கமும் தந்தது போலத் தோன்றும். அது தகுதியை எடைபோட்டதால் வந்த வேறுபாடு அன்று, விதியால் வந்தது. எதிரியின் முன்னிலையில் காட்டிய தீரத்துக்கான பிரிட்டிஷ் விருதுகளில் இறந்த பின்னும் தரக்கூடியவை அக்காலத்தில் இரண்டே: எல்லாவற்றுக்கும் மேலான விக்டோரியா கிராஸ், எல்லாவற்றுக்கும் கீழான அறிக்கைக் குறிப்பு. நடுவிலிருந்த பதக்கங்கள் எல்லாம் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. இந்த விதி 1979இல்தான் தளர்த்தப்பட்டது. ஆகவே இரண்டாம் உலகப்போர் காலத்து விருதுப் பட்டியல்களைப் படிக்கும்போது, 'குறிப்பு மட்டும்' என்ற வரியைச் சிறிய வீரம் என்று பொருள்கொள்வது பெரும் பிழை.

சிங்கப்பூரின் வடக்குக் கரையில் நடந்த இன்னொரு நிகழ்வை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1945 ஜூலை 31 அன்று, நான்கு பேர் மட்டுமே அடங்கக்கூடிய 'எக்ஸ்இ-3' என்ற குட்டி நீர்மூழ்கி ஜோகூர் நீரிணைக்குள் நுழைந்தது. தலைவர் லெஃப்டினன்ட் இயன் ஃபிரேசர், முக்குளிப்பவர் ஜேம்ஸ் மெகெனிஸ். இலக்கு, கடற்படைத் தளத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த 'தக்காவோ' என்ற ஜப்பானியக் குரூசர். செம்பவாங் பூங்காவின் கடல்சுவர் ஓரமாக நின்று எதிர்க்கரையைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த நீரிணை எவ்வளவு குறுகலானது என்று தெரியும். அதற்குள் வந்து திரும்புவதற்கான வழி 80 மைல். இரு தரப்பும் இட்ட கண்ணிவெடிகள், ஒலி கேட்கும் நிலையங்கள், நீர்மூழ்கித் தடுப்பு வேலி எல்லாம் அந்த வழியில் இருந்தன. ஒலி நிலையங்களைத் தவிர்ப்பதற்காக, பாதுகாப்பானது என்று கருதப்பட்ட பாதையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கண்ணிவெடி நீருக்குள் படகைச் செலுத்தினார் ஃபிரேசர்.

குரூசரின் முன்புறமும் பின்புறமும் ஏறக்குறையத் தரைதட்டி நின்றன. நடுப்பகுதியின் அடியில் மட்டும் படகு நுழையும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. 40 நிமிடம் கடலடியில் உரசி உரசி அந்த இடத்தைப் பிடித்தார்கள். மெகெனிஸ் வெளியே போக மூடியைத் தூக்கினால், தலைக்கு மேல் குரூசரின் அடிவயிறு. மூடி பாதிதான் திறந்தது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு அந்தச் சந்தின் வழியே நழுவி வெளியேறினார். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளவேண்டிய வெடிகள் ஒட்டவில்லை. நீண்ட காலம் நகராமல் நின்ற கப்பல் அல்லவா, அடிப்பகுதி முழுவதும் சிப்பி படிந்திருந்தது. கத்தியால் அதைச் சுரண்டிச் சுரண்டி இடம் செய்து, மூச்சுக்கருவியிலிருந்து உயிர்வளி கசிந்துகொண்டிருக்க, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஆறு வெடிகளையும் பொருத்திவிட்டு, களைத்துப் போய்ப் படகுக்குள் திரும்பினார். அப்போதும் முடியவில்லை. வெடிகளைச் சுமந்து வந்த தாங்கி ஒன்று கழலாமல் சிக்கிக்கொண்டது. ஃபிரேசர் தாமே போகிறேன் என்றார். மெகெனிஸ் விடவில்லை, மீண்டும் வெளியே போய் ஏழு நிமிடத்தில் அதைக் கழற்றிவிட்டார். படகு தப்பியது. இரவில் வெடிகள் வெடித்துக் குரூசரின் அடிப்பகுதி கிழிந்தது.

ஃபிரேசருக்கும் மெகெனிஸுக்கும் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது 1945 நவம்பரில். சம்பவத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே மூன்றரை மாதம்தான். படகிலிருந்த மற்ற இருவரும் உயிரோடு திரும்பினார்கள். அதனால் அவர்களுக்கு நடுத்தர விருதுகள் கிடைத்தன. நான்கு பேர் போனார்கள், நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரும் சொன்னார்கள். மூடி பாதிதான் திறந்தது, தாங்கி சிக்கியது என்பன போன்ற நுணுக்கங்கள் அதனால்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. 'லீ வோ'வின் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் பெரும்பகுதி அவர்களோடே மூழ்கிவிட்டது. இரண்டு செயல்களில் எது பெரிது என்று ஒப்பிடுவது முறையன்று. ஒன்றை நாம் அருகில் நின்று பார்க்கிறோம், மற்றதைத் தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு.

சாட்சிகள் பலர் மிஞ்சினாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 1942 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில், இந்திய மாலுமிகளைக் கொண்ட 'பெங்கால்' என்ற சிறு போர்க்கப்பலும் அது காவல் வந்த 'ஓண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலும், தம்மைவிடப் பன்மடங்கு வலிய 'ஹோகோகு மாரு', 'ஐகோகு மாரு' என்னும் இரு ஜப்பானியக் கப்பல்களோடு மோதின. 'ஹோகோகு மாரு' வெடித்து மூழ்கியது. 'பெங்கால்' தப்பித் துறை சேர்ந்தபோது 'ஓண்டினா' அழிந்துவிட்டது என்றே தெரிவித்தது. ஆனால் 'ஓண்டினா', தலைவரை இழந்தும், ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமான்டிலுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. எதிரியை வீழ்த்திய குண்டு யாருடையது என்பதில் இரு தரப்பு விவரங்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. புகைக்கு நடுவே ஒவ்வொருவரும் தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். 'பெங்கால்' தலைவர் வில்லியம் வில்சனுக்குச் சிறப்புமிகு சேவை ஆணை கிடைத்தது.

வில்கின்சன், ஃபிரேசர், வில்சன் மூவருமே சேமப்பிரிவு அதிகாரிகள் என்பதைக் கவனிக்கவேண்டும். அக்காலத்தில் முழுநேரக் கடற்படை அதிகாரியின் சட்டைக் கையில் சரிகை நேர்கோடாக ஓடும். சேமப்பிரிவினரின் சரிகையோ ஒன்றோடொன்று பின்னிய கோடுகளாக இருக்கும். தொலைவிலிருந்தே இவர் கூலிக்குக் கப்பல் ஓட்டிய வணிகக் கடலோடி என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சிங்கப்பூரைச் சுற்றிய நீரில் அதிகாரிகளுக்குக் கிடைத்த உயர் பதக்கங்கள் பின்னிய சரிகைக்காரர்களுக்குப் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய கப்பல்கள் மூழ்கிய பிறகு எஞ்சியவை அவர்கள் கையிலிருந்த சிறிய கலங்கள்தாம்.

தமிழ் மரபில் போரில் விழுந்தவனுக்குப் பெயரும் பீடும் பொறித்து நடுகல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் அந்தச் சடங்குக்கு இரண்டு தேவைகள் இருந்தன: விழுந்த இடம் தெரியவேண்டும், விழுந்ததைக் கண்ட ஒருவர் ஊர் திரும்பவேண்டும். கடலில் மாண்டவனுக்கு முதலாவது இல்லவே இல்லை. இரண்டாவது அமைந்தால்தான் உண்டு. கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவர்களில், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியப் படையினரின் பகுதியில் நம் வீட்டுப் பெயர்களைப் போன்ற பெயர்கள் அடுத்தடுத்து வருவதை விரலால் தொட்டுப் படித்திருக்கிறேன். பெயர் இருக்கிறது, எப்படி மாண்டார், கடைசி மணி நேரத்தில் என்ன செய்தார் என்று சொல்ல ஆள் இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் வரிகூடக் கிடையாது. வில்கின்சனின் வீரத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய கதை நம்மை வந்தடைந்தது எவ்வளவு அரிய ஒன்று என்பதற்காகவே சொல்கிறேன்.

'தக்காவோ' குரூசரை 1946 அக்டோபரில் மலாக்கா நீரிணைக்கு இழுத்துப்போய் பிரிட்டிஷார் மூழ்கடித்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து 'லீ வோ'வின் பத்தி லண்டன் அரசிதழில் வந்தது. விக்டோரியா கிராஸ் பீரங்கி வெண்கலத்தில் செய்த எளிய சிலுவை, செந்நிற நாடா, மேற்பட்டையின் பின்புறத்தில் பெற்றவரின் பெயரையும், சிலுவையின் பின்புறத்தில் செயல் நடந்த தேதியையும் பொறிப்பது வழக்கம். இரண்டாவது பெயருக்கு அதில் இடமில்லை. ஆகவே அரசிதழ் தன் கடைசி வாக்கியத்தில், வில்கின்சனின் தீரத்துக்காகவும் அவரோடு சேர்ந்து போரிட்டு மாண்ட அனைவரின் தீரத்துக்காகவும் இது வழங்கப்படுகிறது என்று சேர்த்து எழுதியது. அந்தக் கப்பலில் படையைச் சேராத ஒருவரும் இருந்தார் என்பதை அதே அறிவிப்பின் தொடக்கம் எண்ணிக்கையோடு சொல்கிறது. அவர் பெயர் அதில் இல்லை.